கோபம் குடித்த வண்டி

சிப்பிக்காட்டு மாதர் சங்கத்தின் பிக்கப் வண்டி பதினோரு வாரமாக இரண்டாவது கியரைத் தாண்ட முடியாமல் முக்கிக்கொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு, உப்பாற்றுப் பாலம் இறங்கியதும், பின்னால் உட்கார்ந்திருந்த பிரகாசி இறால் பண்ணை முதலாளியை அவன் பிறந்த நேரத்தில் தொடங்கி அவன் அன்று காலை தின்ற இட்லி வரைக்கும் வைது முடித்தாள். முடித்த அந்த நொடியில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி மூன்றாவது கியருக்கு மாறி, ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது என்று ஓடத் தொடங்கியது. ஓட்டிக்கொண்டிருந்த கித்தேரி இதில் வியக்க எதையும் காணவில்லை. அவளுக்குத் தோன்றியதெல்லாம், இந்தக் கழுதைக்காவது நாம் சொல்வது கேட்கிறதே என்பதுதான்.

அந்த வண்டி சுனாமி வருஷத்தில் ஏதோ ஒரு வெளிநாட்டு நிவாரண அமைப்பு கப்பலில் கொண்டுவந்து, கொடுத்ததைக் கொடுத்து, எடுத்த புகைப்படங்களை எடுத்துக்கொண்டு போனபோது மாதா கோயில் கொட்டகையில் விட்டுப்போனது. கிளச் கிடையாது, இரண்டே மிதி, வேகத்தைப் பார்த்துத் தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் என்பதால் அந்தக் கரையில் யாருக்கும் அதை ஓட்டத் தெரியவில்லை. ஏறியவர்களெல்லாம் கிளச் என்று நினைத்து இடதுகாலால் பிரேக்கை மிதித்து நெற்றியைக் கண்ணாடியில் இடித்துக்கொண்டு இறங்கினார்கள். குவைத்தில் ஒரு வீட்டுப் பிள்ளைகளை ஒன்பது வருஷம் பள்ளிக்கு ஏற்றி இறக்கிவிட்டு ஊர் திரும்பிய கித்தேரிக்குத்தான் அது வசப்பட்டது. அந்த வீட்டு எஜமானி அவளுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று, வண்டி ஓட்டுகிறவள் வாய் திறக்கக்கூடாது. கித்தேரி அதை இங்கேயும் விடவில்லை. ஸ்டியரிங்கைத் தொட்டால் அவள் ஊமை.

ஒன்பது வருஷம் கடலைக் காய்ச்சி இறக்கிய தண்ணீரைக் குடித்தவள் அவள். திரும்பி வந்த அன்று பெட்டியைக்கூட வீட்டுக்குள் வைக்காமல் நல்லதண்ணிக் கிணற்றுக்குப் போய் ஒரு வாளி இறைத்து வாயில் வைத்தாள். கடல் அங்கேயும் வந்து சேர்ந்திருந்தது. ஊருக்கு மேற்கே துரைசிங்கம் என்பவர் நாலு குளமாகத் தொடங்கிய இறால் பண்ணை முப்பத்தோரு குளமாகியிருந்தது. உப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நிலத்தின்மேல் நிறுத்தினால் அது கீழே இறங்கும் என்பது சிப்பிக்காட்டில் நண்டுக்கும் தெரியும், மாவட்ட அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. ஊரின் ஆறு கிணறுகளில் ஐந்து கரித்துப்போய்விட்டன. கோயிலுக்குப் பின்னால் இருந்த ஆறாவது கிணற்றில் இன்னும் நல்ல தண்ணீர் ஊறியது. அந்தக் கிணற்றிலிருந்து நூறு அடியில் இன்னும் பன்னிரண்டு குளம் வெட்டப் பண்ணைக்காரர் அனுமதி கேட்டிருந்தார்.

அதைத் தடுக்கத்தான் சிப்பிக்காட்டுக்காரர்கள் இருபத்தாறு கிலோமீட்டர் தள்ளியிருந்த மாவட்டத் தலைநகருக்குத் திங்கள்தோறும் குறைதீர் கூட்டத்துக்குப் போனார்கள், வரிசையில் நின்றார்கள், மனுவில் முத்திரை வாங்கினார்கள், திரும்பினார்கள். நாற்பத்தொரு திங்கட்கிழமை போயாயிற்று, நாற்பத்தொரு முத்திரை வாங்கியாயிற்று. இந்த லட்சணத்தில் வண்டியும் கியர் ஏறாமல் போனால் மனிதருக்கு எப்படியிருக்கும்?

விலக்கு ரோட்டில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் முகைதீன் வண்டிக்குத் தனக்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் செய்திருந்தார். எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, கியர்பெட்டியின் அளவுகோலை இழுத்துப் பார்த்து, குறைகிறது என்று சிவப்பு எண்ணெய் ஊற்றினார். ஆக்சிலேட்டரிலிருந்து கியர்பெட்டிக்குப் போகும் கம்பியை இரண்டு திருகு இறுக்கினார், ஒரு திருகு தளர்த்தினார். ஒயர் முனைகளைச் சுரண்டி உப்பை எடுத்தார். எஞ்சின் யானைபோலப் பிளிறியது, எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் மேலே போனது, வண்டி முப்பதிலேயே நின்றது.

"அக்கா, வயசான வண்டி. மூச்சு வாங்குது, கால் நகரல" என்றார் முகைதீன்.

"பாய், உம்மகிட்ட நான் வைத்தியத்துக்கு வந்தனா, எழவு கேக்க வந்தனா?"

"கியர்பொட்டி அடிச்சட்டியக் கழத்திப் பாக்கணும். ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க."

"ரெண்டு நாள்ல திங்கக்கெழம வந்துரும்" என்று சொல்லி இரண்டாவது கியரிலேயே கிளம்பி வந்தவள்தான் கித்தேரி.

பிரகாசியின் வசவு கியர் மாற்றிய செய்தி அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவியது. ஊர் அதை நம்பவா வேண்டாமா என்று யோசிக்கவில்லை. எப்படிப் பயன்படுத்துவது என்று யோசித்தது. அடுத்த வாரம் இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகத்தில் இருபது வருஷமாக ஏரோது ராஜா வேஷம் கட்டும் சந்தியாகுவை முன்னால் உட்காரவைத்தார்கள். அவர் கண்ணை உருட்டி, தொடையைத் தட்டி, பாலம் அதிரக் கத்தினார். வண்டி உறுமியதே தவிர கியர் மாறவில்லை.

"என்ன வே, உம்ம ராஜ்யத்துல கியர் விழலியே" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"மைக் இல்லாம எனக்கு ஏறாதுல" என்றார் சந்தியாகு.

அப்போது மூலையில் முக்காட்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்த லூர்தம்மாள், யாரையும் பார்க்காமல், பக்கத்தில் இருப்பவளுக்குக்கூடச் சரியாகக் கேட்காத குரலில், தன் புருஷன் படகு கவிழ்ந்த அன்று தேடப் படகு அனுப்பச் சொல்லி அலுவலகத்துக்குப் போனதையும், ஐயா சாப்பிடப் போயிருக்கிறார் உட்காரு என்று சொன்னதையும், தான் உட்கார்ந்ததையும், அந்தச் சாப்பாடு இரண்டரை மணி நேரம் நடந்ததையும் சொன்னாள். வண்டி இரண்டிலிருந்து மூன்றுக்குப் போய், மூன்றில் நிற்காமல் நாலுக்கும் போய், எண்பதில் பறந்தது. லூர்தம்மாள் பதினாலு வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக இருக்கையில் சாய்ந்து தூங்கினாள்.

பொய்க் கோபம் செல்லாது என்றும், சத்தம் கணக்கில்லை என்றும், மாமியார் கோபம் மூன்றாவது கியர் வரைக்கும் போகும், அதற்குமேல் போகாது என்றும், சர்க்கார் மேலுள்ள கோபம்தான் நாலாவது கியருக்கு ஆகும் என்றும் ஊர் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டது. ஏறும் வரிசைக்குச் சங்கத்தில் முறை வைத்தார்கள். அதிகக் கோபமுள்ளவர் முன்னிருக்கை, அடுத்தவர் டிரைவர் முதுகுக்குப் பின்னால், புதிதாகக் கல்யாணமானவர்கள் கடைசியில். பக்கத்து ஊர்களிலிருந்து வேலி வழக்குக்காரர்களும் பாகம் கிடைக்காத தம்பிகளும் வந்து ஏறினார்கள், பாலத்துக்கு அப்பால் சொன்னார்கள், வண்டி ஒரு முறை குலுங்கியது, லேசாகி இறங்கிப் போனார்கள். கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசை குட்டையானது. சாமியார் முதலில் வருத்தப்பட்டார், பிறகு ஒரு வியாழக்கிழமை தானே முன்னிருக்கையில் ஏறித் தன் மேலதிகாரியான மேற்றிராணியாரைப் பற்றி நாலு வாக்கியம் சொல்லிவிட்டு வந்தார். புறக்காவல் நிலையத்தில் புகார் எழுதும் ஏட்டு, எழுத ஒன்றுமில்லாமல் தாளில் கப்பல் வரைந்துகொண்டிருந்தார்.

திங்கட்கிழமைகளும் மாறின. கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் இறங்கும்போது சிப்பிக்காட்டுக்காரர்கள் முகம் கழுவியதுபோல இருந்தார்கள். மனுவை நீட்டி, "ஐயா பாத்துச் செய்யுங்க" என்றார்கள். முன்பு இவர்களைக் கண்டாலே போலீஸைக் கூப்பிட்ட குமாஸ்தா இப்போது நாற்காலி போட்டார். போகும் வழியிலேயே ஒருவர் கேட்டுவிட்டார் என்ற திருப்தி அவர்களுக்கு. கேட்டது ஒரு கியர்பெட்டி என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. சொல்லியாயிற்று என்பதும் முடிந்தாயிற்று என்பதும் வேறுவேறு என்பது அந்த ஊருக்கு மெல்ல மறந்துகொண்டிருந்தது.

மறக்காதவள் ஒருத்திதான். வண்டிக்குள் அவள் வாய் திறக்காததால் அவளுடையது அவளிடமே இருந்தது. கித்தேரி ஒருநாள் விடிந்ததும் பிரகாசி ஐந்தாவது கிணற்றில் இறைப்பதைப் பார்த்தாள்.

"ஏளா, அது கரிக்குமே!"

"கொஞ்சம் கரிக்கத்தான் செய்யுது மைனி" என்றாள் பிரகாசி சிரித்துக்கொண்டே. "அதுவும் ஒருவகைக்கு நல்லதுதான். சோத்துக்குத் தனியா உப்புப் போட வேண்டாம்லா."

கித்தேரிக்கு அவளை அறையலாம்போல இருந்தது. ஆறு மாதத்துக்கு முன் இதே பிரகாசி பண்ணையின் கம்பிவேலியைப் பல்லால் கடித்தவள்.

அந்த வாரம்தான் அறிவிப்பு வந்தது. பன்னிரண்டு புதிய குளங்கள் குறித்துப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், வரும் புதன்கிழமை காலை பத்து மணி, இடம் மாவட்டத் தலைநகரில் ஒரு கல்யாண மண்டபம். பாதிக்கப்படுகிற ஊர் சிப்பிக்காடு, கருத்துக் கேட்பது இருபத்தாறு கிலோமீட்டருக்கு அப்பால். அங்கே வந்து ஆட்சேபம் சொன்னால் எழுதிக்கொள்வார்கள், சொல்லாவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக்கொள்வார்கள். அதோடு ஆறாவது கிணறு முடிந்தது.

மறுநாள் துரைசிங்கமே காரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கையெடுத்த கும்பிடு. "சனங்க பஸ்ஸுக்கு நின்னு கஷ்டப்பட வேண்டாம். உங்க வண்டியிலயே வாங்க. டீசல் நான் அடிக்கிறேன். எத்தன நடை வேணும்னாலும் அடிங்க." கார்க் கதவைச் சாத்தப் போனவர் கித்தேரியைப் பார்த்து நின்றார். "வழியில எல்லாரும் மனசு விட்டுப் பேசிக்கிட்டு வரணும், என்ன?"

அவருடைய பண்ணைக் காவல்காரன் இரண்டு மாதமாக எல்லாத் திங்கட்கிழமையும் வண்டியின் பின்பலகையில் தொற்றிக்கொண்டு வந்தது அப்போதுதான் கித்தேரிக்கு உறைத்தது. சங்கத்துப் பெண்களோ, முதலாளிக்கும் மனம் இருக்கிறது என்று பேசிக்கொண்டு கலைந்தார்கள்.

அவள் நேராக முகைதீனின் பட்டறைக்குப் போனாள். இந்த முறை அவர் எஞ்சினை அணைக்க விடவில்லை. "போன தடவ நான் செஞ்சது தப்பு அக்கா. மத்த வண்டி மாதிரி அணைச்சுட்டுப் பாத்தேன். இந்த ஆட்டோமேட்டிக் பொட்டிய ஓடிக்கிட்டிருக்கும்போது, சூட்டோட, சமதரையில நிறுத்தித்தான் பாக்கணுமாம்." அளவுகோலை இழுத்தார். எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டி நாலு விரல் நின்றது. ஊற்றியது சிவப்பு, வந்தது தார்போலக் கறுப்பு, கருகின வாடை.

"யாரு ஊத்துனா இவ்வளவு?"

"யாரும் ஊத்தல பாய். அதுவா ஊறுது."

முகைதீன் ஒரு சொட்டை விரலில் எடுத்துக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார். மறு நொடி அந்தச் சாதுவான மனிதர் கையிலிருந்த ஸ்பானரைச் சுவரில் எறிந்தார். "எங்க கெணறுல அது! என் தாய் தண்ணி எறைச்ச கெணறு! எவன்ல அங்க குளம் வெட்டுதது?" என்று கத்திக்கொண்டு ரோட்டுக்கே ஓடிவிட்டார். அவருடைய தாய் பிறந்து வளர்ந்தது தலைநகரில், குழாயடியில். கித்தேரி பின்னால் ஓடி அவர் விரலை மண்ணெண்ணெயில் முக்கித் துடைத்த பிறகுதான் அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அக்கா, இது யாரோடது?" என்று கேட்டார் மெதுவாக.

"பிரகாசியோடது" என்றாள் கித்தேரி. குரலைக் கேட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இத இறக்கிட்டுப் புதுசு ஊத்துனா வண்டி புதுசு மாதிரி ஓடும். இறக்குன பெறகு ஊத்தாம விட்டா ஓரடி நகராது."

"அடிச்சட்டித் திருகு எத்தனாம் நம்பர் ஸ்பானர்?"

அவர் சுவரோரம் கிடந்த ஸ்பானரைக் குனிந்து எடுத்து அவள் கையில் வைத்தார். இங்கேயே இறக்கிப் புதுசு ஊற்றினால் ஊரின் கோபமெல்லாம் பட்டறை மண்ணோடு போய்விடும், ஊற்றாவிட்டால் புதன்கிழமை ஊரார் மண்டபம் போய்ச் சேர வழியில்லை. வேறு வண்டி இல்லை, முதல் பஸ் பதினோரு மணிக்குத்தான். போய்ச் சேர்ந்த பிறகுதான் இறக்க வேண்டும்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு முதல் நடை, எட்டுக்கு இரண்டாவது. யாரும் வாய் திறக்காதீர்கள் என்று கித்தேரி கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். பழகின வாய் கேட்குமா? பாலம் இறங்கியதும் ஆளுக்கு ஒன்றைச் சொல்லி, மிச்சம் மீதியையும் வண்டிக்குக் கொடுத்துவிட்டு, மண்டபத்தில் இறங்கி மோர் குடிக்கப் போனார்கள். மூன்றாவது நடை கிளம்பும்போது ஒன்பதே முக்கால். அந்த நடையில் ஏறிய இருபத்திரண்டு பேரிடம் கொடுக்க எதுவும் பாக்கியில்லை. பிரகாசி முன்னிருக்கையில் உட்கார்ந்து யோசித்து யோசித்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக் கோழியைப் பற்றிச் சொன்னாள். வண்டி தும்மல் போட்டதோடு சரி. இரண்டாவது கியர், முப்பது கிலோமீட்டர் வேகம், பிளிறும் எஞ்சின், கருகும் வாடை, போகப் போக நீளும் ரோடு.

"மைனி, நீங்க சொல்லுங்களேன்" என்றாள் பிரகாசி. "உங்ககிட்டதான் இருக்கு. ஒரு வார்த்த சொன்னியன்னா வண்டி பறந்துரும்லா."

"பத்தரைக்கு மேல முடிச்சிருவாவளாம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "ஒரு வார்த்ததான் மைனி."

கித்தேரியின் வாய்க்குள் அது நின்றது. ஒன்பது வருஷம் ஊர்க் கிணற்றை நினைத்து நினைத்துக் குடித்த தண்ணீர், வாளி வாயில் பட்ட நொடி, வாரவாரம் வாங்கிக் குவித்த முத்திரை, வெள்ளைச் சட்டைக்காரரின் "மனசு விட்டு", சோற்றுக்கு உப்பு வேண்டாம் என்ற சிரிப்பு, எல்லாம் பல்லுக்குப் பின்னால் வந்து இடித்தன. சொன்னால் இருபது நிமிஷத்தில் போய்விடலாம். போய் மோர் குடிக்கலாம். அவள் கீழுதட்டைப் பல்லால் பிடித்தாள். மைல்கல்கள் ஒவ்வொன்றாக வந்தன, நின்று பார்த்தன, போயின. மண்டப வாசலுக்கு வண்டி வந்து சேர்ந்தபோது உதட்டிலிருந்து வழிந்த ரத்தம் மோவாயில் காய்ந்திருந்தது.

உள்ளே மேடையில் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முன்வரிசையில் துரைசிங்கம் கால்மேல் கால் போட்டிருந்தார். "ஆட்சேபம் உள்ளவர்கள் யாராவது?" என்று அதிகாரி இரண்டாவது முறை கேட்டார். சிப்பிக்காட்டார் அறுபது பேர் விசிறிக் காற்றில் அமர்ந்து, நல்லபடியாக நடந்தால் சரி என்ற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதுபவர் பேனாவைத் திறந்தார்.

கித்தேரி வாசற்படியை ஒட்டி வண்டியை நிறுத்தி, சேலையை வரிந்து கட்டி, மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தாள். திருகு இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் ஸ்பானரைப் பிடித்து உன்னியபோது அது ஒரு முறை முனகி, சுழன்று, தெறித்து விழுந்தது. கொதிக்கக் கொதிக்கக் கறுப்பு எண்ணெய் அவள் முன்கையைப் பொசுக்கிக்கொண்டு தரையில் இறங்கியது; ஒரு கியர்பெட்டி கொள்ளும் அளவு இறங்கிய பிறகும் நிற்காமல் இறங்கியது. தரையில் பரவி ஒரு கணம் நின்றது. பிறகு மண்டபத்தின் ஐந்து படியையும் ஏறி, வாசலைத் தாண்டி, கோலத்தின்மேல் நடந்து, உள்ளே போனதும் கயிறு கயிறாகப் பிரிந்து, நாற்காலிக் கால்களுக்கு நடுவே அவரவர் பாதத்தைத் தேடிப் போனது. ஒன்றுகூட இடம் மாறவில்லை. துரைசிங்கத்தின் செருப்பை மட்டும் சுற்றிக்கொண்டு விலகிப் போனது.

முதலில் எழுந்தவள் லூர்தம்மாள். "இவரு இன்னும் சாப்பிட்டு வரலியா?" என்று மேடையைப் பார்த்துக் கேட்டாள், இந்த முறை மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. அதன் பிறகு யார் முதல் யார் இரண்டாவது என்று சொல்ல முடியாது. கொடுத்தது அத்தனையும் திரும்பி வந்ததால் மாமியார் கோபமும் வேலிக் கோபமும் சேர்ந்தே வந்தன. நாலாவது வரிசையில் அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். சாமியார் நாற்காலிமேல் ஏறி நின்று மேற்றிராணியாரையும் பண்ணையையும் ஒரே மூச்சில் திட்டினார். சந்தியாகு வசனம் இல்லாமல், தொடை தட்டாமல், "எங்க தண்ணிய எடுத்தியல்லா, எங்க தண்ணிய எடுத்தியல்லா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். கையில் கந்தலைச் சுற்றிக்கொண்டு கித்தேரி மேடைக்குப் போனாள். வண்டிக்குத் தராததை அங்கே சொன்னாள். எழுதுபவரின் பேனாவைச் சுட்டிக்காட்டி, "எழுதும்" என்றாள். "நான் சொல்லி நிறுத்துறவரைக்கும் எழுதும்."

ஆட்சேபம் என்ற தலைப்பின் கீழ் எண்பத்து மூன்று பெயர்கள் எழுதப்பட்டன. பன்னிரண்டு குளங்கள் குறித்த முடிவு தேதி குறிப்பிடாமல் தள்ளிவைக்கப்பட்டது. அனுமதி மறுக்கப்படவில்லை, மறுத்ததாக யாரும் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவும் இல்லை.

வண்டி மண்டப வாசலிலேயே நின்றது. முகைதீன் மோட்டார் சைக்கிளில் சிவப்பு எண்ணெய் டின்னோடு வந்து சேர்ந்தார், மணக்க மணக்கப் புது எண்ணெய். "அரைமணி நேரம் அக்கா, பூ மாதிரி கியர் விழும்" என்றார். கித்தேரி கூட்டத்தைப் பார்த்தாள். பிரகாசி டின்னின் மூடிமேல் கை வைத்து அழுத்தினாள்.

"மொதல்ல கெணறு இனிக்கட்டும் பாய். அதுக்குப் பெறவு ஊத்துவோம்."

துரைசிங்கத்தின் ஆட்கள் இரண்டு பஸ் கொண்டுவந்து நிறுத்தினார்கள். யாரும் ஏறவில்லை. எண்பத்து மூன்று பேரும் உச்சி வெயிலில் இருபத்தாறு கிலோமீட்டர் நடந்தார்கள். முதல் மைல்கல்லில் பிரகாசி பண்ணைக்காரரை அவர் பிறந்த நேரத்திலிருந்து வையத் தொடங்கினாள். ஐந்தாவது மைல்கல்லில் முடித்தாள். ஆறாவதில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். உப்பாற்றுப் பாலத்தில் கித்தேரி காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டே வந்தாள். சொல்லச் சொல்லக் கோபம் குறையவில்லை.